சிறுவளையம் ஒலித்தது

ஃபெஸ் நகரத்துப் பழைய கதவுகளுக்கு இரண்டு குரல்கள் உண்டு. பெரிய வளையத்தின் குரல் கனத்தது. கிணற்றில் விழுந்த கல்லைப் போல வீட்டின் அடிவயிறு வரை இறங்கி அடங்கும். சிறுவளையத்தின் குரல் மெல்லியது. தூங்கும் குழந்தையை எழுப்பாமல் தாயை மட்டும் எழுப்பும். அயலார் பெரியதைத் தட்டுவர். வீட்டார் சிறியதைத் தட்டுவர். பெரியது ஒலித்தால் மேல்மாடத்துச் சாளரத்திலிருந்து "யாரு" என்றொரு வினா இறங்கிவரும். சிறியது ஒலித்தால் வினா இல்லை. மாடியிலிருந்து தொங்கும் கயிற்றை எவரேனும் இழுப்பர், கீழே தாழ் எழும், கதவு வழிவிடும்.

ஸி ஜலால் ஸக்காத் தம் வீட்டுப் படிக்கட்டின் அடியில் உயிரற்றுக் கிடந்த அன்று, அந்தக் கதவில் ஒலித்தது சிறுவளையம்.

அது நடந்து இப்போது மூன்றாம் நாள். வானம் காலை முதலே மங்கிய ஈயத்தின் நிறத்தில் கூரைகளின்மேல் அமர்ந்திருந்தது. அக்கதவின் முன்னே ராக்கியா லஹ்லூ நின்றாள். விசாரணை நீதிபதி ஒருவரின் அறையில் நெடுங்காலம் எழுத்தராக இருந்து, பிறர் சொற்களை எழுதி எழுதியே அவற்றின் விரிசல்களைக் காணக் கற்றவள். இப்போது தனியே துப்பறிகிறாள். அவள் பின்னே நின்றவன் ஹம்மு, சிவப்பு வாடகைக் கார் ஓட்டுபவன், அவளுக்கு உதவியாளன், நாவுக்கு ஓய்வு தராதவன். மதிப்புக்கு ஆண்களை ஸி என்றும் பெண்களை லல்லா என்றும் அழைப்பது இவ்வூர் வழக்கம்; அவளை அவனும் அப்படித்தான் அழைப்பான்.

ஹம்முவின் கை வளையங்களை நோக்கி நீண்டது.

"என்ன பண்ற?" என்றாள் ராக்கியா.

"ரெண்டுல எதத் தட்டினா நமக்குத் தேநீர் கிடைக்கும்னு யோசிக்கிறேன், லல்லா."

"துக்க வீடு. பெரியதத் தட்டு."

"மரியாதையான ஆளா இருந்தா தேநீர் கிடைக்காது. எனக்குத் தெரியும்."

அவன் சிரித்தான். ஆயினும் அச்சிரிப்பு கண்வரை ஏறவில்லை. கொலைப் பழி சுமந்து காவல் நிலையத்தில் அடைபட்டிருந்த ஜுபைர், ஹம்முவோடு ஒரே சந்தில் ஒரே பந்தை உதைத்து வளர்ந்தவன். இறந்தவரின் தம்பி மகன். பெற்றோரை இழந்தபின் இந்த வீட்டிலேயே உண்டு வளர்ந்து, அண்மையில்தான் தனியே குடிபோனவன்.

ஹம்மு தட்டுமுன் கதவு தானே திறந்தது. உள்ளிருந்து வெளிவந்தார் காவல் அதிகாரி பூஷ்தா. மீசைக்குக் கொடுத்த கவனத்தில் பாதியை வழக்குகளுக்கும் கொடுக்கக்கூடியவர்.

"லல்லா ராக்கியா, தாமதமா வந்துட்டீங்க. வழக்கு முடிஞ்சுது. பிற்பகல் அஸர் தொழுகை முடிஞ்சதும் திரும்பி வருவேன், செத்தவரோட மனைவி வாக்குமூலத்துல கையெழுத்துப் போடுவாங்க. பொழுது சாயறதுக்குள்ள பையன் பெரிய சிறைக்குப் போயிடுவான்."

"தவறி விழுந்திருக்கலாமே."

"அவர் போட்டிருந்த ஜெல்லாபா அங்கி நெஞ்சுக்கிட்ட கிழிஞ்சிருக்கு. எதிர்ல நின்ன ஆள் பிடிச்சு இழுத்த கிழிசல். தானா விழுறவன் தன் துணியத் தானே கிழிச்சுக்குவானா?"

"எதிர்ல நின்னது ஜுபைர்னு எப்படித் தெரியும்?"

பூஷ்தா இரக்கத்தோடு அவளைப் பார்த்தார். "அன்னிக்கு அஸருக்குக் கொஞ்ச நேரம் கழிச்சுச் சின்ன வளையம் தட்டியிருக்கு. வீட்டம்மாவே சொன்னாங்க. சின்னதத் தட்டுறது வீட்டாளுங்க. வீட்டாளுங்கள்ல வெளிய இருக்கிறது ஜுபைர் ஒருத்தன். போன வாரம் கல்யாண விஷயமா பெரியப்பாகிட்ட நடுத்தெருவுல நின்னு கத்தியிருக்கான். ஊரே கேட்டுச்சு."

"கத்தினதுக்குச் சிறைன்னா என் மாமியார் ஆயுள் கைதி, தலைவரே" என்றான் ஹம்மு.

ராக்கியா கதவைப் பார்த்தபடி கேட்டாள்: "வீட்டாளுங்க சின்னதத் தட்டுவாங்க. சரி. சின்னதத் தட்டுறவங்க எல்லாரும் வீட்டாளுங்கதானா, ஸி பூஷ்தா?"

"ஃபெஸ்ல பொறந்தவ கேக்குற கேள்வியா இது?"

அவர் போய்விட்டார். சந்தின் வளைவில் சுமைக்கழுதை ஒன்று அவரைச் சுவரோடு ஒதுக்கிவிட்டு நடந்தது.

உள்ளே சென்றனர். படிக்கட்டின் அடியில் வண்ண ஓடுகள் பதித்த தரை கழுவப்பட்டிருந்தது. கழுவிய ஈரம் என்றோ உலர்ந்தும், ஓரிடம் மட்டும் சுற்றிலும் உள்ளதைவிடச் சற்றே வெளிறித் தெரிந்தது. அதை மிதிக்காமல் இருவரும் விலகி ஏறினர்.

மேல்மாடத்து அறையில் லல்லா கென்ஸா வெண்ணிற ஆடையில் அமர்ந்திருந்தாள். கணவனை இழந்தவர் அணியும் வெண்மை, இருண்ட அறையில் தனியே ஏற்றிய சுடர்போல அவளைக் காட்டியது. வலது முழங்கால் ஒரு திண்டின்மேல் நீண்டிருந்தது. அருகே கைத்தடி. முழங்கால் பழுதான நாள் முதல் அவள் கீழே இறங்குவது அரிது என்று ஊரறியும்.

"உக்காருங்க, தங்கச்சி. தம்பி, நீங்களும்" என்றாள். குரலில் நடுக்கமில்லை. அதுவே ராக்கியாவை உறுத்தியது.

"அன்னிக்கு என்ன நடந்ததுன்னு எனக்கும் ஒருதரம் சொல்லுவீங்களா?"

"யாராவது வந்தாங்களான்னு அதிகாரி கேட்டார். அஸருக்கப்பறம் சின்ன வளையம் ஒலிச்சுதுன்னு சொன்னேன். சின்ன வளையத்த யார் தட்டுவாங்கன்னு கேட்டார். எங்க வீட்டார் வந்தா சின்னதத்தான் தட்டுவாங்கன்னு சொன்னேன். என் கணவர் படிக்கட்டுக்குக் கீழ கிடந்தார். அவ்வளவுதான்."

"அப்ப ஜுபைர் வந்தான்."

"ஜுபைர் வந்தான்னு நான் சொல்லலை."

"வரலைன்னும் நீங்க சொல்லலையே, லல்லா கென்ஸா."

"சொல்லலை."

"அவன் குரல் கேட்டுதா?"

"இல்ல."

"கையெழுத்துப் போடப் போறீங்களா?"

கென்ஸாவின் விரல்கள் கைத்தடியின் தலையைத் தேடிப் பற்றின. "நான் சொன்னதுல ஒரு சொல்லும் பொய்யில்ல. பொய்யில்லாததுல கையெழுத்துப் போட எனக்கென்ன தடை?"

அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஹம்மு குடித்தான்; ஆனால் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. சந்துக்கு வந்தபின்தான் வாய் திறந்தான்.

"அந்தம்மா பேசுறது கொத்தன் கல் அடுக்குற மாதிரி இருக்கு, லல்லா. ஒவ்வொண்ணும் நேரா இருக்கு. சுவர் மட்டும் எங்க போகுதுன்னு தெரியல."

"துக்கத்துல இருக்காங்க."

"என் அப்பா செத்தப்ப எங்கம்மா ஒரு வாக்கியத்தக்கூட முடிக்கல."

ஜுபைரைக் கட்டிவைத்திருந்தது ஒரேயொரு நூல். சிறுவளையம் ஒலித்தது, ஆகவே வந்தவர் வீட்டார் என்பதே அந்நூல். அதை அறுத்துவிட்டால் போதும் என்று அப்போது ராக்கியா கருதினாள்.

"சின்ன வளையத்தத் தெரிஞ்சே ஒரு வெளியாள் தட்டியிருக்கணும். 'யாரு'ங்கிற கேள்வி வரக்கூடாதுன்னு நெனச்சவன். வாசல்லயே நிக்காம உள்ள போக விரும்பினவன். ஸி ஜலால்கிட்ட யாருக்குக் காரியம் இருக்கு?"

"அவர் வாத்தியார். மாணவங்களுக்கு. நான் படிச்ச காலத்துல எனக்கும் வாத்தியாரோட காரியம் இருந்துச்சு. ஆனா ஓடுறதுதான் அந்தக் காரியம்."

ஸி ஜலால், நீதிபதிப் பயிற்சிக்கான நுழைவுத் தேர்வு எழுதுவோர்க்கு, அத்தேர்வின் தர்க்கப் பகுதியைக் கற்பித்து வந்தார். செப்புப் பாத்திரம் செய்வோர் சதுக்கத்தின்மேல் ஒரு மாடியறை. கீழே சம்மட்டிகள் ஓயாமல் ஒலிக்க, மேலே எது எதிலிருந்து பெறப்படும் என்ற ஆராய்ச்சி. தேர்வு நெருங்கியதால் ஆசிரியர் இறந்தபின்னும் மாணவர்கள் கூடியிருந்தனர். கறுத்த பலகையும் சுண்ணக்கட்டியும் இருந்தன. சொல்ல வேண்டியவர் மட்டும் இல்லை.

ராக்கியா சுண்ணக்கட்டியைக் கையிலெடுத்துப் பலகையின் முன் நின்றாள். "உங்க ஆசிரியருக்கு மரியாதையா, மூணு கேள்வி. யார் வேணா சொல்லலாம்."

மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். முன்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞன் நிமிர்ந்தான். நேர்த்தியான மேற்சட்டை, நகங்கள் மட்டும் கடித்துக் கடித்துக் குருதி கட்டியிருந்தன. அவன் பெயர் நௌஃபல்.

"இந்தத் தேர்வு எழுதறதுக்குச் சட்டப் பட்டம் வேணும். இதோ நிக்கிற ஹம்முவோட தம்பிகிட்டச் சட்டப் பட்டம் இருக்கு. அவன் தேர்வு எழுதப் போறானா?"

"சொல்ல முடியாது" என்றான் நௌஃபல் உடனே. "பட்டம் தேவை. அது மட்டும் போதாது."

"போதாதுன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்" என்றான் ஹம்மு. "அவன் இப்பத் தோல் கிடங்குல மூட்டை தூக்குறான். மூட்டைக்குப் பட்டம் தேவைகூட இல்ல."

சிலர் சிரித்தனர். அறை சற்றுத் தளர்ந்தது.

"ரெண்டாவது. மழை பெஞ்சா தோல் பதனிடுறவங்க கூரையில தோல் காயப்போட மாட்டாங்க. இன்னிக்குக் கூரையில ஒரு தோல் இல்ல. மழை பெஞ்சுதா?"

மீண்டும் நௌஃபலே முந்தினான். "அதுவும் சொல்ல முடியாது. தோல் இல்லாமப் போறதுக்கு மழை போதும், ஆனா மழைதான் வேணும்னு இல்ல. பண்டிகையா இருக்கலாம். சாவு வீடா இருக்கலாம்."

"நல்லது. மூணாவது." ராக்கியா சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். "வீட்டாளுங்க வந்தா சின்ன வளையத்தத் தட்டுவாங்க. சின்ன வளையம் ஒலிச்சுது. வந்தது வீட்டாளா?"

கீழிருந்து சம்மட்டிகளின் ஓசை மட்டும் பலகைத் தரையின் வழியே ஏறிவந்தது. பின்வரிசையிலிருந்த மாணவி, இக்ராம் என்பவள், மெல்லச் சொன்னாள்: "சொல்ல முடியாது."

"வீட்டாளுதான்" என்றான் நௌஃபல்.

இக்ராம் திரும்பினாள். "என்ன நௌஃபல், இது முதல் கேள்வியோட எலும்புக்கூடுதானே? சதைதான் வேற. வீட்டாளா இருந்தா சின்ன வளையம் தேவை. சின்ன வளையம் மட்டும் இருந்தா வீட்டாள்னு சொல்லப் போதாது."

"இது வேற. வேற யாரும் அதத் தொட மாட்டாங்க. ஃபெஸ்ல யாரும் தொட மாட்டாங்க."

"எப்படி வேற?" என்றாள் ராக்கியா.

அவன் வலக்கையை இடக்கையால் மூடிக்கொண்டான். அந்த விரல்களில் ஏதோ ஒட்டியிருப்பதை மறைப்பவன் போல.

வகுப்பு கலைந்தபோது இக்ராம் அருகே வந்தாள். "நீங்க கேட்டவிதம் லல்லா கென்ஸா கேக்குற மாதிரியே இருந்துச்சு."

"அவங்க வகுப்பு எடுக்குறாங்களா?"

"வர்றதில்ல, முழங்கால் இப்படி ஆனதுலேர்ந்து. பல்கலைக்கழகத்துல தர்க்கம் சொல்லிக்கொடுத்தவங்க. இங்க ஸி ஜலால் கேட்ட கேள்வி எல்லாமே அவங்க போட்டதுதான். கேள்வி அவங்களுது, குரல் இவருதுன்னு நாங்க சொல்லிக்குவோம். அது அவருக்குப் பிடிக்காது."

கென்ஸா சொன்ன நேரான வாக்கியங்கள் ராக்கியாவுக்கு நினைவு வந்தன. எங்கோ அடிநிலத்தில் கதவொன்று மூடிக்கொண்டது போலிருந்தது. ஆனால் நௌஃபல் ஏற்கனவே படியிறங்கிக்கொண்டிருந்தான். அவனை விட முடியாது.

படிக்கட்டின் நடுவே ஹம்மு குறுக்கே நின்றிருந்தான். "தம்பி, இவ்வளவு அவசரமா போனா கீழ விழுந்துடுவ. இப்ப இந்த ஊர்ல படிக்கட்டுல விழுறது நல்ல நேரமில்ல."

நௌஃபலின் முகம் சுண்ணமாய் வெளுத்தது.

"ரெண்டு கேள்விக்குச் சரியாச் சொன்ன" என்றாள் ராக்கியா, இரண்டு படி மேலே நின்று. "மூணாவதும் அதே கேள்விதான். தெரியாதவன் மூணுலயும் தடுமாறுவான். தெரிஞ்சவன் மூணையும் சொல்லுவான். மூணாவதுல மட்டும் தடுமாறுறவனுக்குத் தர்க்கம் தெரியும். அதோட வேற ஏதோவும் தெரியும். அன்னிக்குச் சின்ன வளையத்தத் தட்டினது நீ."

"நான் கொல்லலை."

"தட்டினியா?"

அவன் படியிலேயே அமர்ந்துவிட்டான். "தட்டினேன். ஸி ஜலால்தான் அப்படித் தட்டச் சொன்னார். பெரியதத் தட்டினா மாடியிலேர்ந்து யாருன்னு கேப்பாங்க, சின்னதத் தட்டு, யாரும் கேக்க மாட்டாங்கன்னார்."

"எதுக்கு வரச் சொன்னார்?"

"கேள்வித்தாளுக்கு. இந்த வருஷத்துத் தாள். போன ரெண்டு தரமும் தர்க்கத்துல தோத்துட்டேன். எங்கப்பாவுக்குப் பெரிய இடத்துல ஆள் தெரியும். ஸி ஜலாலத் தேர்வுக் குழுவுல சேக்குறதா அப்பா சொல்லியிருந்தார். அவருக்கு அந்த ஆசை ரொம்ப."

"தாள் அவர் கைக்கு எப்படி வந்துச்சு?"

"சொல்லலை. வீட்லயே இருக்குன்னார். அவ்வளவுதான்."

"உள்ள போனப்ப என்ன நடந்துச்சு?"

"நான் உள்ள போகவே இல்ல." அவன் கண்கள் கலங்கின. "தட்டினேன். தொறக்கல. மறுபடியும் தட்டினேன். தொறக்கல. ஓடி வந்துட்டேன். மறுநாள்தான் செத்துட்டார்னு தெரியும்."

ஹம்மு பல்லைக் கடித்தான். "லல்லா, இவன் வாயிலேர்ந்து பொய் ஊத்துக்கண் மாதிரி வருது. சின்ன வளையம் தட்டினா கதவு தொறக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இவனக் காலரப் பிடிச்சு பூஷ்தாகிட்டக் கொண்டுபோவோம், ஜுபைர் வீட்டுக்கு வரட்டும்."

ராக்கியாவின் முகம் மாறியதை ஹம்மு கண்டான். அவள் நௌஃபலைப் பார்க்கவில்லை, தன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூஷ்தா பண்ணின தப்பத்தான் நீயும் பண்ற, ஹம்மு. காலையில நானும் அதத்தான் பண்ணினேன். சின்ன வளையம் தட்டினா கதவு தொறக்கும்னு யார் சொன்னது? கயிற இழுத்தாத்தான் கதவு தொறக்கும். வளையம் ஒலிச்சுதான்னு எல்லாரும் கேட்டோம். கயிற இழுத்தீங்களான்னு ஒருத்தர் கேக்கல. இந்த ஊர்ல பொறந்ததனால கேக்கத் தோணல."

அவள் நௌஃபலின் முன் குனிந்தாள். "தொறக்கலைன்னதும் உடனே ஓடல. ரெண்டாந்தரம் தட்டியிருக்க. கதவுல காது வச்சியா?"

அவன் தலையசைத்தான்.

"என்ன கேட்டுச்சு?"

"மூச்சு." அச்சொல்லைக் கூறவே அவனுக்கு வலித்தது. "கதவுக்கு ரொம்பப் பக்கத்துல, கீழயே. யாரோ மூச்சடக்கி நிக்கிற மாதிரி. அப்பறம் ஓட்டுத் தரையில தடி ஊணின சத்தம். ஒரே ஒரு தரம். அதுக்கப்பறம் ஒண்ணுமே இல்ல."

சதுக்கத்தில் சம்மட்டிகள் ஓய்ந்தன. பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகைக்கான அழைப்பு, மேகம் கவிந்த நகரின்மேல் விரிந்து பரவியது.

"கார் எங்க?" என்றாள் ராக்கியா.

"மதிலுக்கு வெளியில. ஆனா அந்தச் சந்துக்குள்ள கார் போகாது. கால்தான் போகும்."

"அப்ப கால எடு."

நடந்தனர், நடை ஓட்டமாயிற்று. ஹம்மு மூச்சிரைக்கக் கேட்டான்: "லல்லா, அந்தத் தடி… நான் நெனைக்கிறது சரின்னா, சரியா இருக்க வேணாம்னு நெனைக்கிறேன்." அவள் அவன் தோளை ஒருமுறை தொட்டாள். அதுவே விடை.

கென்ஸா இருந்த இடத்திலேயே இருந்தாள். சாளரத்துச் சல்லடையின் வழியே விழுந்த மங்கிய ஒளி, அவள் வெண்ணாடையில் சிறுசிறு விண்மீன்களாய்ச் சிதறியிருந்தது. தொழுகை விரிப்பு இன்னும் மடிக்கப்படவில்லை.

"திரும்பி வந்துட்டீங்க" என்றாள்.

"கேக்காம விட்ட ஒரு கேள்வியக் கேக்க வந்தேன்."

"கேளுங்க."

ராக்கியா நேராகக் கேட்கவில்லை. "தர்க்கம் சொல்லிக்கொடுத்தவங்க நீங்க. வீட்டார் சின்னதத் தட்டுவாங்க, சின்னது ஒலிச்சுது, ஆகவே வந்தது வீட்டார். இந்தத் தப்ப உங்க மாணவங்க யாராவது எழுதினா என்ன மதிப்பெண் போடுவீங்க?"

"ஒண்ணும் கிடையாது."

"அதே தப்ப பூஷ்தா உங்க கண் முன்னால பண்ணினார். நீங்க திருத்தல. நீங்க சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. ஒவ்வொண்ணும் அவர அடுத்த படிக்குக் கொண்டுபோச்சு. கடைசிப் படியில ஜுபைர் நிக்கிறான். இப்படி ஒரு கேள்வியத் தெரியாம யாரும் கட்ட முடியாது, லல்லா கென்ஸா. நல்ல கேள்வி போடத் தெரிஞ்சவங்க மட்டுந்தான் கட்ட முடியும்."

கென்ஸா கண்களை மூடிக்கொண்டாள்.

"தேர்வுத் தாள் வீட்லயே இருக்குன்னு உங்க கணவர் ஒரு பையன்கிட்டச் சொல்லியிருக்கார். இந்த வருஷத்துத் தாள நீங்கதான் போட்டிருக்கீங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வேதத்து மேல கை வச்சுச் சத்தியம் பண்ணியிருப்பீங்க."

"அதப் பத்தி நான் எதுவும் சொல்லலை."

"மறுக்கவும் இல்ல."

வாயிலருகே நின்ற ஹம்மு ஓரடி முன்னே வந்தான். "லல்லா கென்ஸா, ஜுபைர் உங்களப் பெரியம்மான்னு கூப்பிடுறப்ப நான் பக்கத்துல நின்னிருக்கேன். 'பெரிய'ங்கிறத விழுங்கிடுவான், 'அம்மா' மட்டுந்தான் கேக்கும். இப்ப அவன் எங்க உக்காந்திருக்கான்னு பாத்தீங்களா?"

"பாக்கல" என்றாள் அவள். "பாத்திருந்தா மூணு நாள் தாங்கியிருக்க மாட்டேன்."

பின்னர் அவள் பேசத் தொடங்கினாள். முதல்முறையாக அவள் வாக்கியங்கள் முடியாமல் உடைந்தன. "அலமாரியத் தொறந்து தாள எடுத்துட்டுப் போயிட்டிருந்தார். படி உச்சியில வச்சுப் பாத்தேன். வேணாம்னேன். ஒரே ஒரு தடவை என் பேரும் அந்தக் குழுவுல இருக்கட்டுமேன்னார். முப்பது… எத்தனையோ வருஷம் என் கேள்வியத் தன் வாயால சொல்லிக்கிட்டு… நான் பிடிச்சு இழுத்தேன். ஜெல்லாபாவத்தான் பிடிச்சேன், தாளப் பிடிக்கணும்னு. கிழிஞ்சுது. தாள் என் கைக்கு வந்துச்சு. அவர் போயிட்டார்."

மழையின் முதல் துளிகள் முற்றத்தில் விழுந்தன.

"இறங்கிப் போனேன். எப்படி இறங்கினேன்னு தெரியல. அவர் தலைய மடியில வச்சிருந்தேன். மூச்சில்ல. எந்திரிச்சு யாரயாவது கூப்பிடலாம்னு கதவுகிட்டப் போனேன். அப்பத்தான் சின்ன வளையம் ஒலிச்சுது. ஜுபைரா இருக்கலாம்னு நெனச்சேன். எனக்குத் தெரியல. உண்மையிலேயே தெரியல."

"தெரியலைன்னு பூஷ்தாகிட்டச் சொல்லியிருக்கலாமே."

"அவர் கேக்கல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன். சத்தியத்தையும் மீறல, பொய்யும் சொல்லல. பொய் சொல்லாம இருந்தா போதும்னு நெனச்சேன், தங்கச்சி."

"பொய் சொல்லாம இருக்கிறது தேவை" என்றாள் ராக்கியா. "போதாது."

அவ்வளவுதான் கூறினாள். அதனினும் கடுமையாக அவள் எவரிடமும் பேசியதில்லை.

கென்ஸா நிமிர்ந்தாள். பிறகு, ஒரு தேர்வாளரின் பழைய கூர்மை கண்ணில் ஒருமுறை மின்ன, கேட்டாள்: "இதுக்கெல்லாம் உங்ககிட்ட என்ன ஆதாரம் இருக்கு? ஒரு பையன் கதவுக்கு வெளியில நின்னு கேட்ட தடிச் சத்தம். தடி வச்சிருக்கிற கிழவிங்க இந்த ஊர்ல எத்தனையோ பேர்."

"ஆமா. என்கிட்டத் தேவையானது எல்லாம் இருக்கு. போதுமானது இல்ல. அது உங்ககிட்ட மட்டுந்தான் இருக்கு."

கீழே கதவில் பெரிய வளையம் ஒலித்தது. அதன் கனத்த குரல் படியேறி, சுவரேறி, அறைக்குள் நுழைந்து நின்றது. ஹம்மு இறங்கிச் சென்று திறந்துவிட்டான். நனைந்த தோளோடு பூஷ்தா மேலே வந்தார். கையில் தோலுறை, அதனுள் எழுதி முடித்த வாக்குமூலம்.

"மழை பிடிச்சுக்குச்சு" என்றார் யாரிடமோ. ராக்கியாவைக் கண்டு புருவம் உயர்த்தினாரேயன்றி ஒன்றும் கேட்கவில்லை. திண்டின் எதிரே அமர்ந்து, வழக்கமான குரலில் வாசித்தார். சிறுவளையம் ஒலித்தது. வீட்டார் சிறுவளையத்தைத் தட்டுவர். கணவர் படிக்கட்டின் அடியில் கிடந்தார். வாசிக்க வாசிக்க அச்சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் எழுந்து, இல்லாத ஒருவனைச் சுற்றி நான்கு சுவர்களாயின.

எழுதுகோலைத் திறந்து நீட்டினார். "இங்க போடுங்க, லல்லா. அதுக்கு முன்னால சட்டப்படி ஒண்ணு கேக்கணும். வேற ஏதாவது சேக்கணுமா?"

அது எந்த வீட்டிலும் எவரும் விடை சொல்லாத வினா. கேட்டபடியே அவர் கையெழுத்திடும் இடத்தை விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

கென்ஸா எழுதுகோலை வாங்கவில்லை.

"சேக்கணும்" என்றாள். "நான் கயிற இழுக்கல."

பூஷ்தா எழுதக் குனிந்தார். பாதி வாக்கியத்தில் கை நின்றது. "அப்ப வேற யார் இழுத்தாங்க?"

"யாரும் இழுக்கல. வளையம் ஒலிச்சப்ப மேல யாருமே இல்ல. நான் கீழ இருந்தேன்."

"கீழ யார்கூட?"

"அவர்கூட. அவர் அதுக்கு முன்னாலயே விழுந்துட்டார்." அவள் வலக்கையை அவர்முன் நீட்டினாள், மருதாணி இடுவதற்கு நீட்டும் மணமகளைப் போல, உள்ளங்கை மேலாக. "அந்த ஜெல்லாபாவக் கிழிச்சது இது. ஏன்னு கேக்காதீங்க. அத நீதிபதிகிட்டச் சொல்றதுக்கு எனக்கு உரிமை இருக்கு. உங்ககிட்டச் சொல்ல இல்ல."

பூஷ்தாவின் மீசையிலிருந்து மழைத்துளி ஒன்று தாளின்மேல் விழுந்து மையைக் கரைத்தது. ஹம்மு சுவரை நோக்கித் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

"ஜுபைர எப்ப விடுவீங்க?" என்றாள் கென்ஸா.

"நான்… இன்னிக்கே, லல்லா. இன்னிக்கே."

"நான் அங்க வந்து சேர்றதுக்கு முன்னால அவன வெளிய அனுப்பிடுங்க. வாசல்ல என்னப் பாக்க வேணாம்."

அவள் கைத்தடியைப் பற்றி எழுந்தாள். ராக்கியா தோள் கொடுக்கப் போனாள். கென்ஸா மெல்லத் தலையசைத்து மறுத்தாள். படியின் உச்சிக்கு வந்து, ஒருகணம் நின்று, இடக்கையால் சுவரைத் தொட்டாள். பிறகு ஒரு காலை இறக்கினாள்; தடியை ஊன்றினாள்; மற்றொரு காலை இறக்கினாள். அந்தப் படிகளை இறங்கி முடிக்க அவளுக்கு நெடுநேரம் பிடித்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.